கன்னத்தில் ஒரு முகமன்



ஒரு நாட்டின் மொழியைக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆகலாம். ஆனால் அந்நாட்டின் முகமனை முதல் நாளிலேயே கற்றாக வேண்டும். எதிரே ஒருவர் புன்னகையோடு வந்து நின்றுவிட்டால், தலை தாழ்த்துவதா, கை நீட்டுவதா, வாயால் வாழ்த்துவதா என்று அகராதியைப் புரட்டிப் பார்க்க அவகாசம் இராது. ஜப்பானியர் குனிந்து வணங்குகின்றனர். வளைகுடா அரபிகள் மூக்கோடு மூக்கைத் தொட்டுக்கொள்கின்றனர். நம் நாட்டில் கைகூப்புகின்றனர். பிரெஞ்சு மக்களோ கன்னத்தோடு கன்னம் சேர்த்து முத்தமிடுகின்றனர்.

இதைக் கேட்டதும் நம்மில் சிலர் முகம் சுளிப்பர், சிலர் நகைப்பர். 'மேல்நாட்டு ஒழுக்கக்கேடு' என்று ஒரே சொல்லில் தீர்ப்பு வழங்கிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவோரும் இருப்பர். சற்றுப் பொறுங்கள். 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படி நிறைவேறியது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களில் நம் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் வாழ்கின்றனர். மேற்படிப்புக்காகவும் தொழிலுக்காகவும் அங்கே புதிதாகச் செல்லும் நம் பிள்ளைகளும் இருக்கின்றனர். அவர்களை எதிர்கொள்ளும் முதல் கேள்வியே இந்த முகமன்தான். எனவே அதை அறிந்துகொண்டு பேசுவது நல்லது.

காலை ஒன்பது மணி

பாரிஸ் நகரில் ஓர் அலுவலகத்தில் நீங்கள் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணி. உங்களுடன் பணிபுரியும் பெண்மணி ஒருவர் உள்ளே வருகிறார். நேரே தம் நாற்காலிக்குச் சென்று அமர்ந்துவிட மாட்டார். மேசை மேசையாகச் செல்வார். ஒவ்வொருவரிடமும் சற்றே குனிந்து, தம் வலக்கன்னத்தை அவர் வலக்கன்னத்தோடு இலேசாகச் சேர்த்து, காற்றில் ஒரு முத்த ஒலி எழுப்புவார். பிறகு மறுகன்னம். 'போன்ஜூர்' என்பார். அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுவார். எல்லாம் மூன்று நொடிகளில் முடிந்துவிடும்.

இதற்கு 'பீஸ்' என்று பெயர். நம் பெற்றோரைக் கலங்கவைக்கும் பள்ளிக்கூட 'பீஸ்' அன்று இது! பிரெஞ்சு மொழியில் இதே ஒலியும் இதே எழுத்தும் உடைய மற்றொரு சொல், வடக்கிலிருந்து வீசும் கடுங்குளிர்க் காற்றைக் குறிக்கிறது. ஒரே உச்சரிப்பில் ஒரு பக்கம் கதகதப்பு, மறுபக்கம் நடுக்கம். அந்த முகமனை முதன்முதலில் எதிர்கொள்ளும் வெளிநாட்டவரின் நிலையும் ஏறத்தாழ அதுவே.

திரைப்படம் பார்த்துப் பிரான்ஸை அறிந்தவர்கள் எண்ணுவதுபோல் இதில் காதலும் இல்லை, காமமும் இல்லை. உதடு பெரும்பாலும் கன்னத்தில் படுவதே இல்லை. பெண்கள் தமக்குள்ளும், ஆணும் பெண்ணும் தமக்கிடையிலும் இதைச் செய்கின்றனர். ஆண்கள் தமக்குள் பெரும்பாலும் கைகுலுக்கிக்கொள்வர். தந்தை மகன், அண்ணன் தம்பி, நெருங்கிய தோழர் ஆகியோர் மட்டும் கன்னம் சேர்ப்பர். தெற்குப் பகுதிகளில் ஆண்களிடையே இது சற்று அதிகம். கடைக்காரரிடமும், வங்கி அலுவலரிடமும், முதன்முறை சந்திக்கும் மேலதிகாரியிடமும் இவ்வாறு செய்வதில்லை.

விதிகள் எழுதப்படாதவை, ஆயினும் கண்டிப்பானவை. ஒரே நாளில் ஒருவருக்கு இருமுறை இந்த முகமனைச் செய்தால், காலையில் அவரைச் சந்தித்ததையே நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று பொருள். பத்துப் பேர் கூடியிருக்கும் அறையில் ஒன்பது பேருக்குச் செய்துவிட்டு ஒருவரை விட்டுவிட்டால், அந்த ஒருவர் அதைக் கவனித்தே தீருவார். விருந்தினர் வந்தால், 'போய் பீஸ் கொடு' என்று தாய் தன் பிள்ளையை அனுப்புவாள். நாம் 'மாமாவுக்கு ஸலாம் சொல்லு' என்று பிள்ளையை முன்னே தள்ளிவிடுவதில்லையா, அதுபோலத்தான். ஜலதோஷம் பிடித்தவர் அதைச் சொல்லி ஒதுங்கி நின்றால் எவரும் குறை காணமாட்டார்கள். நண்பருக்கு எழுதும் கடிதத்தின் இறுதியில்கூட இந்தச் சொல்லை எழுதிக் கையொப்பமிடுவார்கள்.

ஊருக்கு ஊர் ஒரு கணக்கு

இனி பாரிஸை விட்டுப் புறப்படுவோம். இரயிலில் மேற்கே சென்று, அட்லாண்டிக் கடலோரத்தில் பிரிட்டனி முனையிலுள்ள பிரெஸ்த் நகரில் இறங்குங்கள். அங்கே ஒரு கன்னத்தோடு முகமன் முடிந்துவிடுவது வழக்கம். பாரிஸ் பழக்கத்தில் நீங்கள் மறுகன்னத்தையும் நீட்டினால், எதிரே இருப்பவர் ஏற்கெனவே முகத்தைத் திருப்பியிருப்பார். அங்கிருந்து தெற்கே நாந்த் நகருக்கு வாருங்கள். அங்கே பலர் நான்கு முறை செய்கின்றனர். இன்னும் தெற்கே, மத்தியதரைக் கடலை அடுத்த மோன்பெலியே நகரில் மூன்று. பாரிஸ் உள்ளிட்ட பெரும்பாலான இடங்களில் இரண்டு. எந்தக் கன்னத்தில் தொடங்குவது என்பதும் ஒரே சீராக இல்லை. பல பகுதிகளில் வலக்கன்னம் முதலில். தென்கிழக்கின் பல ஊர்களில் இடக்கன்னம் முதலில். இரண்டு ஊர்க்காரர்கள் சந்திக்கும்போது மூக்கும் மூக்கும் மோதிக்கொள்வதும் உண்டு.

ஆக, நாம் 'பிரெஞ்சு வழக்கம்' என்று ஒரே பெயரால் அழைப்பது அந்நாட்டாருக்கே ஊர்தோறும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றாக இருக்கிறது. அவர்களே தடுமாறுகின்றனர், தடுமாறிச் சிரித்துக்கொள்கின்றனர். நம் பிள்ளை அங்கே போய்த் தடுமாறினால் அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

பழமையும் முறையீடும்

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? பண்டைய ரோமாபுரியில் உயர்குடியினர் சந்திக்கும்போதெல்லாம் முத்தமிட்டுக்கொண்டனர். பிரான்ஸ் அன்று ரோமப் பேரரசின் ஒரு பகுதி. தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள், ஒருவரையொருவர் புனித முத்தத்தால் வாழ்த்துமாறு பவுல் தம் நிருபங்களில் எழுதியதைப் பின்பற்றித் தேவாலய வழிபாட்டில் அதனைச் சேர்த்துக்கொண்டனர். பிற்காலத்தில் அது ஒழுங்கு கெட்டுவிடாதிருக்க, ஒரு சிறு பலகையை ஒருவர்பின் ஒருவராக முத்தமிடும் ஏற்பாட்டைத் திருச்சபை கொண்டுவந்தது. நிலப்பிரபுத்துவக் காலத்தில் குறுநிலத் தலைவன் தன் பிரபுவுக்கு விசுவாசம் தெரிவித்தபோது, முத்தமே அவ்வொப்பந்தத்தின் முத்திரையாயிற்று.

வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வழக்கத்தை எதிர்த்து எழுந்த குரல் நம்மைப்போன்ற அயலாரின் குரல் மட்டுமன்று. 16ஆம் நூற்றாண்டில் போர்தோ நகரின் மேயராக இருந்தவரும், பிரெஞ்சு உரைநடையின் மூலவர்களுள் ஒருவருமாகிய மோந்தேன், தம் கட்டுரைத் தொகுதியில் இதுபற்றி மனம் நொந்து எழுதியிருக்கிறார். பின்னால் மூன்று ஏவலாளர் வந்தால் போதும், அவன் எவ்வளவு அருவருப்பானவனாக இருந்தாலும் பெண்கள் அவனுக்கு முத்தம் தரவேண்டியிருக்கிறதே, இது அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதியன்றோ என்பது அவர் கருத்து. 400 ஆண்டுகளுக்கும் முன்னர் ஒரு பிரெஞ்சுக்காரர் பெண்களின் சார்பில் எழுப்பிய முறையீடு அது!

பிந்திய நூற்றாண்டுகளில் தலை தாழ்த்துவதும் தொப்பியை எடுப்பதும் கைகுலுக்குவதும் பெருகின. முத்தம் குடும்பத்துக்குள் ஒடுங்கிற்று. 1968ஆம் ஆண்டின் மாணவர் எழுச்சியை ஒட்டிய காலத்தில் பழைய மரியாதை முறைகளை இளைஞர்கள் உதறியபோது, அது வீட்டைக் கடந்து கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் பரவியது. இன்று நாம் காணும் விரிந்த வழக்கத்துக்கு வயது அவ்வளவுதான். முப்பாட்டன் காலத்துச் சம்பிரதாயம் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது, பெரும்பாலும் இன்றைய பாட்டிகளின் இளமைக் காலத்தில் தழைத்தது.

நோய்க்கும் இதற்கும் நெடுங்காலப் பகை உண்டு. ரோமப் பேரரசர் திபேரியஸ் அன்றாட முத்தங்களை ஆணையிட்டுத் தடுத்தார். அவர் காலத்தில் முகத்தில் தோன்றிய ஒரு தோல் நோய் உயர்குடியினரிடையே முத்தத்தால் பரவியதாக அறிஞர் பிளினி எழுதிவைத்துள்ளார். 2009ஆம் ஆண்டில் பன்றிக் காய்ச்சல் பரவியபோது, பிரெஞ்சுப் பள்ளிகள் சிலவற்றில் கன்ன முத்தம் நிறுத்தப்பட்டது. 2020 பிப்ரவரி இறுதியில் கொரோனா அச்சம் மூண்டபோது, கைகுலுக்குவதையும் கன்ன முத்தத்தையும் தவிர்க்குமாறு சுகாதார அமைச்சர் மக்களைக் கேட்டுக்கொண்டார். நோய் தணிந்தபின் பலர் பழைய வழக்கத்துக்குத் திரும்பினர். சிலர் திரும்பவே இல்லை. 'இத்தனை நாளும் விருப்பமின்றித்தான் செய்தேன்' என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒரு வழி பிறந்துவிட்டது.

ஒரே மாவட்டத்தில் இரு பெண்கள்

இனி, பிரான்ஸின் தென்கிழக்கில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலுள்ள ஈஸேர் மாவட்டத்துக்கு வாருங்கள். கிரெனோபிள் நகரம் அதன் தலைநகர். இந்த ஒரே மாவட்டத்தில், சில மாதங்கள் இடைவெளியில், இரண்டு பெண்களைப் பற்றிய செய்திகள் வெளிவந்தன.

முதலாமவர், மொரெத் என்னும் சிற்றூரின் மேயர். 2017 டிசம்பரில் அவர் தம்முடன் பணியாற்றும் மக்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு மடல் அனுப்பினார். கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொருவராகக் கன்னம் சேர்க்க வேண்டியிருப்பது தமக்கு ஒவ்வவில்லை. ஆண்கள் தமக்குள் செய்துகொள்வதுபோல் இனித் தாமும் கைகுலுக்க விரும்புவதாக அதில் தெரிவித்திருந்தார். செய்தி நாடு கடந்தும் பரவியது. அவர் பதவிக்கோ மதிப்புக்கோ எந்தக் குறையும் நேரவில்லை.

இரண்டாமவர், அல்ஜீரியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண். பிரெஞ்சுக்காரர் ஒருவரின் மனைவி. 2016 ஜூன் மாதம் ஈஸேர் மாவட்ட ஆட்சியகத்தில், அவருக்குக் குடியுரிமை வழங்கும் வரவேற்பு விழா நடந்தது. விழாவில் ஆண் அதிகாரி ஒருவரும், மக்கள் பிரதிநிதி ஒருவரும் கை நீட்டினர். தம் மார்க்க நம்பிக்கையைக் காரணம் காட்டி அவர் கைகொடுக்க மறுத்தார். பிரெஞ்சுச் சமுதாயத்தோடு அவர் ஒன்றிப்போகவில்லை என்று கூறி, 2017இல் அரசாங்கம் அவருக்குக் குடியுரிமை அளிக்க மறுத்தது. அவர் முறையிட்டார். 2018 ஏப்ரல் 11ஆம் நாள், நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அரசாங்கத்தின் முடிவே சரி என்று தீர்ப்பளித்தது.

வாசகர்களே, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரு பெண்களும் கேட்டது ஒன்றே: 'என் உடலுக்கு அருகில் எவர் வரலாம், எந்த அளவுக்கு வரலாம் என்பதை நான் சொல்ல அனுமதியுங்கள்.' ஒருவர் கன்னத்துக்கு ஓர் எல்லை வகுத்தார். மற்றவர் கைக்கு ஓர் எல்லை வகுத்தார். முன்னவருக்கு அந்த எல்லை உரிமையாயிற்று. பின்னவருக்கு அதுவே குற்றமாயிற்று. விழாவின் இடமும் வேளையும் சிறப்பானவை என்று நீதிமன்றம் சொன்ன காரணத்தையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அரசாங்க விழாவும் ஊர்க்கூட்டமும் ஒன்றல்லதான். ஆயினும் முகமன் என்பது அன்பின் அடையாளம் என்றால், அன்பைச் சோதனைத் தாளாக்கி மதிப்பெண் இடுவது எங்ஙனம் பொருந்தும்? மோந்தேன் கேட்ட கேள்வியும் அதுதானே! மறுக்க இயலாதவரிடம் பெறும் முகமன் மரியாதை ஆகாது.

நம் மார்க்கம் வகுத்த வழி

முத்தம் நம் மார்க்கத்துக்கு அந்நியமானதன்று. அபிசீனியாவிலிருந்து திரும்பிவந்த ஜஅஃபர் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டித்தழுவி நெற்றியில் முத்தமிட்டதாக அறிவிப்பு உண்டு. அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்கள் வந்தால் எழுந்து சென்று முத்தமிட்டுத் தம் இடத்தில் அமரச்செய்வார்கள். பேரர் ஹஸன் (ரலி) அவர்களை நபிகளார் முத்தமிடக் கண்ட ஒருவர், தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றபோது, இரக்கம் காட்டாதவர் இரக்கம் பெறமாட்டார் என்ற கருத்துப்பட நபியவர்கள் மறுமொழி கூறினார்கள். அதே நேரத்தில், பெண்களிடம் உறுதிமொழி வாங்கிய வேளையிலும் நபியவர்களின் கரம் அந்நியப் பெண் எவரின் கரத்தையும் தொட்டதில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆக, முத்தத்துக்கும் தொடுகைக்கும் நம் மார்க்கம் கதவை அடைக்கவில்லை. எவருக்கு எவர் என்று வாசலை வகுத்திருக்கிறது.

சொல்லாராய்ச்சியில் ஆர்வமுள்ளோருக்கு ஒரு செய்தி. நாம் பெருநாள் தொழுகைக்குப் பின் செய்யும் 'முஆனகா' என்னும் சொல், கழுத்தைக் குறிக்கும் 'உனுக்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. பிரெஞ்சு அரசு விருது வழங்கும்போது விருதாளரைத் தழுவி இரு கன்னங்களிலும் முகமன் செய்வதற்கு 'அக்கொலாத்' என்று பெயர். அச்சொல்லும் கழுத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே பிறந்தது. இரண்டு நாகரிகங்களும் அன்புக்குப் பெயர் வைத்தபோது ஒரே இடத்தைத் தொட்டிருக்கின்றன. ஆதலால் அவர்களைப் பார்த்து நகைக்கும் தேவை நமக்கு இல்லை.

நம் முகமனுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஸலாம் என்பது சொல்லால் ஆனது. அது ஒரு துஆ. அதைச் சொல்ல உடல் நெருங்க வேண்டியதில்லை. தெருவின் மறுபக்கத்திலிருந்தும் சொல்லலாம், தொலைபேசியிலும் சொல்லலாம், நோயாளியின் அறை வாசலில் நின்றும் சொல்லலாம். எந்தக் கொள்ளைநோயும் அதைத் தடுத்ததில்லை. கைலாகு அதற்கு மெருகூட்டுவது. ஆனால் கை இல்லாவிட்டாலும் ஸலாம் குறைவுபடுவதில்லை.

செல்வோருக்கு ஒரு சொல்

பிரான்ஸுக்குச் செல்லும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் சில சொற்கள். முதலாவது, எதிரே இருப்பவர் நெருங்கும்வரை காத்திருந்து கடைசி நொடியில் பின்வாங்காதீர்கள். அது அவரைப் பலர் முன்னிலையில் அவமானப்படுத்திவிடும். சில அடி தொலைவிலேயே, முகம் மலர, அவர் பெயரைச் சொல்லி 'போன்ஜூர்' என்று முந்திக்கொள்ளுங்கள். வலக்கையை நெஞ்சின்மீது வைத்துத் தலையைச் சற்றே அசையுங்கள். மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா நாட்டவர் பிரான்ஸில் நெடுங்காலமாக வாழ்வதால், நெஞ்சில் கைவைக்கும் அவர்களின் மரியாதையை அங்குள்ளோர் நன்கு அறிவர். ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் கைகுலுக்கத் தயங்காதீர்கள்.

இரண்டாவது, காரணத்தை ஒருமுறை, அமைதியான வேளையில், மென்மையாகச் சொல்லிவிடுங்கள். 'உங்களைத் தாழ்வாக எண்ணி விலகவில்லை. என் மார்க்கத்தில் இது குடும்பத்தாருக்கு உரியது' என்றால் விளங்கிக்கொள்வார்கள். விளங்கிக்கொள்ளாதவர்களும் இருக்கலாம், அவர்களிடம் பொறுமை தேவை. அரசு அலுவலகங்களிலும் விழாக்களிலும் எந்த அளவு நடந்துகொள்வது என்பதை அங்கு வாழும் மார்க்க அறிஞரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஈஸேர் மாவட்டப் பெண்மணிக்கு நேர்ந்தது உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் நேரலாம். வாசலில் நின்று யோசிக்கும் காரியமன்று அது.

மூன்றாவதுதான் முக்கியமானது. கன்னத்தை மறுக்கலாம், கவனிப்பை மறுக்கக் கூடாது. பிரெஞ்சுக்காரர் அந்த முகமனில் ஒருவரையும் விட்டுவிடுவதில்லை என்று முன்னரே சொன்னேன். ரொட்டிக் கடைக்குள் நுழைந்தால் 'போன்ஜூர்' சொன்ன பிறகே ரொட்டி கேட்பார்கள். சொல்லாமல் கேட்பது அங்கே முரட்டுத்தனம். மருத்துவரின் காத்திருப்பு அறைக்குள் நுழைபவர், முன்பின் அறியாத நோயாளிகள் அனைவருக்கும் சேர்த்து ஒரு 'போன்ஜூர்' சொல்லிவிட்டு அமர்கிறார்.

அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் ஸலாம் சொல்லுமாறு கட்டளையிட்டவர்கள் எவர்? நம் நபி (ஸல்) அவர்கள் அல்லவா! வாழ்த்துக் கூறப்பட்டால் அதைவிட அழகாகவோ, அதைப்போன்றேனுமோ திருப்பிக் கூறுங்கள் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 86ஆம் வசனம் தரும் போதனை. வீடுகளில் நுழையும்போது ஸலாம் கூறுமாறு அந்நூர் அத்தியாயம் கற்பிக்கிறது. நம் நிலையை எண்ணிப் பாருங்கள். பள்ளிவாசலில் செல்வந்தருக்கு இருகரம் நீட்டி முஸாபஹா செய்கிறோம்; அவருக்குப் பக்கத்தில் நிற்கும் கூலித் தொழிலாளியின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. ஹவுளைக் கழுவிச் சுத்தம் செய்பவருக்கு ஸலாம் சொன்னது என்றைக்கு? வெளியே ஊராருக்கெல்லாம் ஸலாம் சொல்லிவிட்டு, வீட்டில் மனைவியிடம் 'சோறு ஆச்சா?' என்று கேட்டுக்கொண்டே நுழைவோர் நம்மில் எத்தனை பேர்!

மேசை மேசையாகச் சென்று ஒருவரையும் விடாமல் முகமன் கூறும் அந்தப் பாரிஸ் பெண்மணியிடம் நாம் கன்ன முத்தத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஒருவரையும் விடாமல் கூறும் பண்பைக் கற்றுக்கொள்ளலாம். அது நம்மிடமிருந்து தொலைந்துபோன பொருள்தான். இந்த இதழை மடித்து வைத்துவிட்டு எழும்போது, முதலில் எதிர்ப்படுபவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம், பால்காரராக இருக்கலாம். அவருக்கு முந்திக்கொண்டு முகமன் கூறுங்கள். அந்த நற்பண்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.